நெடுந்தூரம் ஓடும் கார்: பராமரிப்பில் ஒரு பாடம்



பெரட்டு முடிந்து வேலைக்காட்டுக்குச் செல்லும்போது எவரும் தம் காரைப் பற்றி எண்ணுவதில்லை. நள்ளிரவில் வீட்டில் குழந்தைக்கு வலிப்புக் கண்டு, கிள்ளானிலுள்ள தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கு விரைய வேண்டிய வேளையில்தான், வாசலில் நிற்கும் கார் கிளம்புமா என்ற கேள்வி நெஞ்சை அழுத்துகிறது. பேருந்து எளிதில் எட்டாத தோட்டத்தில் கார் என்பது ஆடம்பரப் பொருளன்று. அது குடும்பத்தின் பாதுகாப்பு. அதனை நம்மில் பலர் கடன்பட்டு, பழைய காராகவே வாங்குகின்றோம். ஆகவே அது நெடுங்காலம் தவறாது ஓடுதல் இன்றியமையாததாகும்.

ஒரு கார் நீண்ட தூரம் ஓடுவது அதன் நிறுவனப் பெயரையோ, உரிமையாளரின் செல்வத்தையோ மட்டும் பொறுத்ததன்று. சிறு வேலைகளை உரிய காலத்தில் செய்து முடிக்கும் ஒழுங்கே அதன் ஆயுளைப் பெரிதும் தீர்மானிக்கின்றது. இவ்வுண்மை பால்மரம் வெட்டும் கைகளுக்குப் புதிதன்று. கத்தி பட்டையைக் கடந்து உள்மரத்தைத் தொட்டால், புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளர்கின்றது. பின்னர் அவ்விடத்தில் நன்றாக வெட்ட இயலாது. கவனமாக வெட்டப்பட்ட மரமோ இருபது ஆண்டுகளுக்கு மேலும் பால் தருகின்றது. காரும் அவ்வாறே: இன்று செய்யும் சிறு கவனக்குறைவு, பல மாதங்கள் கழித்தே பெருஞ்செலவாக வெளிப்படுகின்றது.

இரு சான்றுகள்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த இர்வ் கோர்டன் என்னும் அறிவியல் ஆசிரியர் 1966ஆம் ஆண்டில் வால்வோ பி1800எஸ் கார் ஒன்றைப் புதிதாக வாங்கினார். வேலைக்குச் சென்று திரும்ப அவர் நாள்தோறும் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓட்டினார். 2013ஆம் ஆண்டு அலாஸ்காவில் அக்கார் 30 லட்சம் மைலைக் கடந்தது. அது ஏறக்குறைய 48 லட்சம் கிலோமீட்டர். பூமியை 120 முறை சுற்றிவரும் தூரத்துக்கு ஒப்பாகும். கோர்டன் 2018இல் காலமானார். இதில் மறைபொருள் ஏதும் இல்லை. காருடன் வந்த கையேட்டில் கூறியவாறு எண்ணெயை மாற்றினார். தேய்ந்த பாகத்தைத் தள்ளிப்போடாமல் மாற்றினார். புதிய ஓசை கேட்டால் உடனே கவனித்தார்.

இரண்டாவது சான்று கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகர வாடகைக்கார் ஓட்டுநர் ஒருவருடையது. அவர் பழையதாக வாங்கி ஓட்டிய, 1976ஆம் ஆண்டில் தயாரான மெர்சிடிஸ் பென்ஸ் 240டி டீசல் கார், 2004இல் அந்நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்குச் சென்றபோது 46 லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. அதன் இயந்திரம் பலமுறை கழற்றி மாற்றப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. தேயாத இயந்திரம் உலகில் இல்லை. தேய்வதை அறிந்து முன்னதாகவே செயற்படுவதுதான் பராமரிப்பு.

கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் கார்த் தொழிலுக்கும் நெருங்கிய உறவுண்டு. வால்வோ கார்களைப் பொருத்தும் தொழிற்சாலை 1967இல் பத்து தீகாவில் தொடங்கியது. 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் முதல் புரோட்டோன் சாகா ஷா ஆலாமிலிருந்து அறிமுகமாயிற்று. 1994இல் பெரோடுவா கான்சில் வந்தது. எளிய அமைப்புடைய இத்தகைய கார்களே பல தொழிலாளர் குடும்பங்களின் முதற்கார்களாயின. நாளொன்றுக்கு 50 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள் ஓட்டினால் ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர். இருபது ஆண்டுகளில் 300,000. நாம் நாடும் இலக்கு இதுவே.

கிலோமீட்டர் மட்டும் கணக்கன்று

நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓடுவது இயந்திரத்துக்கு எளிய வேலை. கோர்டனின் கார் அவ்வாறு பெரும்பாலும் ஓடியது. நம் நிலை வேறு. லயத்திலிருந்து கடைக்கும், பள்ளிக்கும், கோயிலுக்குமாக மூன்று நான்கு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துகின்றோம். இயந்திரம் முழுமையாகச் சூடேறுமுன் நின்றுவிடுவதால், அதனுள் உண்டாகும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகி வெளியேறாமல் எண்ணெயில் கலந்து, அதன் தன்மையைக் கெடுக்கின்றன.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான். ஆயினும் மாலை நெரிசலில் கூட்டரசு நெடுஞ்சாலையில் கார் நகராது நிற்கும்போதும் இயந்திரம் சுழன்றுகொண்டே இருக்கின்றது. தூரம் காட்டும் கருவி மட்டும் அசைவதில்லை. எனவே பராமரிப்பைக் கிலோமீட்டரால் மட்டுமன்றி மாதத்தாலும் கணக்கிட வேண்டும். இரண்டில் எது முந்துகிறதோ அதுவே தவணை.

எண்ணெய்

இயந்திர எண்ணெய் உராய்வைக் குறைக்கின்றது, வெப்பத்தைக் கடத்துகின்றது, கரியையும் உலோகத் துகளையும் சுமந்து சென்று வடிகட்டியில் சேர்க்கின்றது. ஆகவே எண்ணெய் கறுப்பாவது அது வேலை செய்வதன் அடையாளமேயாகும். ஆனால் அது சுமக்கும் அழுக்குக்கு ஓர் எல்லையுண்டு. சாதாரணத் தாது எண்ணெயை 5,000 கிலோமீட்டருக்கோ ஆறு மாதத்துக்கோ ஒருமுறை மாற்றுவது நம் நாட்டுப் பழக்கம். செயற்கை எண்ணெய் கூடுதல் தூரம் தாங்கும். எதுவாயினும் கையேடு குறிப்பிடும் தடிப்பளவை மீறலாகாது. வடிகட்டியையும் உடன் மாற்ற வேண்டும்.

300,000 கிலோமீட்டருக்கு அறுபது முறை எண்ணெய் மாற்ற நேரும். பெருந்தொகையெனத் தோன்றினாலும், அது இருபது ஆண்டுகளுக்குப் பிரிந்து வரும் சிறு செலவு. எண்ணெயின்றி இறுகிப்போன இயந்திரத்தின் செலவோ ஒரே நாளில் வந்து நிற்கும். பழைய இயந்திரம் எண்ணெயைச் சிறிதளவு எரிப்பதும் உண்டு. எனவே வாரம் ஒருமுறை, காலையில் குளிர்ந்த நிலையில், சமதரையில் நிறுத்தி அளவுகோலை இழுத்துப் பார்த்தல் வேண்டும். இதற்கு ஒரு பழந்துணியும் இரண்டு நிமிடமும் போதும்.

நீர்

நம் நாட்டு வெப்பத்தில் கார்களைக் கெடுக்கும் பெரும்பகை சூடேறுதலாகும். சாகாவின் முதற்கால இயந்திரத்தில் அடிப்பகுதி இரும்பு, மேல்தலை அலுமினியம். அளவு மீறிச் சூடேறினால் அலுமினியத் தலை வளைந்து, இடையிலுள்ள கேஸ்கெட் கெடும். நீரும் எண்ணெயும் கலந்துவிடும்.

இரு நண்பர்கள் ஒரே வகைக் காரில் கிள்ளானுக்குத் திரும்புகிறார்கள் எனக் கொள்வோம். பத்து தீகாவை நெருங்கும்போது இருவர் காரிலும் வெப்பமுள் சிவப்பை நோக்கி ஏறுகின்றது. ஒருவர் உடனே ஓரத்தில் நிறுத்தி இயந்திரத்தை அணைக்கிறார். முற்றிலும் குளிரும்வரை காத்திருந்து பார்த்தால், வெடித்திருப்பது ஒரு ரப்பர்க் குழாய். மற்றவர், "வீடு பத்து நிமிடந்தானே" என ஓட்டிச் செல்கிறார். முதல்வருக்குக் குழாய்ச் செலவு. இரண்டாமவருக்கு இயந்திரச் செலவு. வேறுபாடு பத்து நிமிடப் பொறுமைதான்.

ரேடியேட்டரில் வெறும் குழாய்நீரை மட்டும் ஆண்டுக்கணக்கில் ஊற்றினால் உள்ளே துருவும் படிவும் சேரும். துருவைத் தடுக்கும் குளிர்திரவத்தைக் கலந்து, கையேட்டில் குறித்த தவணையில் மாற்ற வேண்டும். சூடாயிருக்கும்போது மூடியைத் திறத்தல் கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும். கார் சூடேறுகிறதென்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் வழக்கமும் தவறானது. அவ்வாறு செய்தால் இயந்திரம் உரிய வெப்பத்தை அடையாது, பெட்ரோல் வீணாகும், தேய்மானம் மிகும். உண்மையான காரணமோ மறைந்தே இருக்கும்.

நம் கைத்தொழிலும் காரும்

காரின் ஆயுளில் ரப்பருக்குள்ள பங்கை நம்மைவிட நன்கு உணரக்கூடியவர் யார்? சக்கரத்தின் டயரிலும் இயந்திரத்தைத் தாங்கும் மவுண்டிங்குகளிலும் இயற்கை ரப்பர் உண்டு. மற்றக் குழாய்களும் பட்டைகளும் பெரும்பாலும் செயற்கை ரப்பராலானவை. இரும்புப் பாகங்கள் கெடுமுன் இவையே கெடுகின்றன. வெப்பமும் வெயிலும் ரப்பரை வெடிக்கச் செய்யும். எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் உப்பி மென்மையாகிவிடும். ஆதலால் சிறு எண்ணெய்க் கசிவையும் அலட்சியம் செய்தலாகாது.

இவற்றுள் முதன்மையானது டைமிங் பெல்ட். வால்வுகளின் இயக்கத்தைப் பிஸ்டன்களின் இயக்கத்தோடு இணைக்கும் பற்பட்டை அது. சாகாவிலும் கான்சிலிலும் இப்பட்டையே உண்டு. அது அறுந்தால் கார் நடுவழியில் நின்றுவிடும். பல வகை இயந்திரங்களில் வால்வுகள் பிஸ்டனோடு மோதி வளைந்துவிடும். பொதுவாக 80,000 முதல் 100,000 கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டும். அறுவதற்கு முன் அது எச்சரிக்கை எதுவும் தருவதில்லை; ஆகவே தவணைதான் ஒரே காவல். மைவி போன்ற கார்களில் பட்டைக்குப் பதிலாகச் சங்கிலி உண்டு. சங்கிலிக்கோ நல்ல எண்ணெய்தான் உயிர்.

முன்சக்கரங்களுக்கு உந்துவிசை கொண்டுசெல்லும் தண்டின் முனையில் மடிப்பு மடிப்பான ரப்பர் உறை ஒன்றுண்டு. அது கிழிந்தால் உள்ளிருக்கும் கிரீஸ் சிதறும். தோட்டத்துச் செம்மண்ணும் மணலும் புகுந்து இணைப்பை அரைத்துவிடும். வளைவில் திரும்பும்போது 'டக் டக்' என ஓசை கேட்டால் பெரும்பாலும் காலம் கடந்துவிட்டது என்பது பொருள். மாதம் ஒருமுறை குனிந்து பார்த்து, கிழிந்த உறையை உடனே மாற்றினால் விலைமிகுந்த இணைப்பு தப்பும்.

தோட்டத்துச் சூழல்

மண்சாலைப் புழுதியில் காற்று வடிகட்டி விரைவில் அடைபடும். பட்டணத்துக் காருக்குரிய தவணைக்கு முன்பாகவே அதைத் திறந்து பார்க்க வேண்டும். சேறு படிந்த அடிப்பாகத்தை நீரால் பீய்ச்சிக் கழுவ வேண்டும். உர மூட்டைகளையும், பாலை உறையவைக்கும் பார்மிக் அமிலத்தையும், ஈரமான ஒட்டுப்பாலையும் காரின் பின்பெட்டியில் ஏற்றாதிருத்தல் நன்று. உரத்தின் உப்பும் அமிலமும் இரும்பை அரிக்கும். இயந்திரத்தை மாற்றிவிடலாம், துருப்பிடித்து உளுத்த உடற்பகுதியைச் சீராக்குவது அரிது.

ஒரு நோட்டுப் புத்தகம்

கிராணி செக்ரோலில் நம் பெயரைப் பதிவது போல, காரின் சேவையையும் பதிவது நற்பழக்கமாகும். ஒரு சிறு நோட்டில் தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, செலவு ஆகிய நான்கையும் எழுதுங்கள். அடுத்த தவணையை அடியில் குறியுங்கள். பழுதுபார்க்கும் போர்மேனிடம் மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஐயத்தைத் தயங்காது கேளுங்கள். நல்ல போர்மேன் அதனை வரவேற்பார். பழைய கார் வாங்குவோரும், தூரக்கருவி காட்டும் எண்ணைவிடச் சேவைப் பதிவையே பெரிதாக மதிக்க வேண்டும். பதிவோடு 200,000 ஓடிய கார், பதிவின்றி 90,000 காட்டும் காரைவிடப் பெரும்பாலும் நம்பத்தக்கது.

எல்லையும் உண்டு

நீண்ட தூரம் ஓடவைப்பது பெருமைக்காக அன்று. பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாற்றாவிடில் இறக்கத்தில் பிரேக் பிடிக்காது போகலாம். பிரேக், சக்கரம், ஸ்டியரிங் ஆகியவற்றில் சிக்கனம் பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும். இருக்கைப்பட்டை பிணைந்துள்ள இடமும் அடித்தளமும் துருவால் உளுத்துவிட்டால், இயந்திரம் எத்துணை நன்றாக இருப்பினும் அக்காருக்கு விடைகொடுப்பதே அறிவுடைமை.

பாடத்தின் சுருக்கம்

1. வாரந்தோறும்: எண்ணெய் அளவு, குளிர்திரவம், டயர்க் காற்று ஆகியவற்றைக் குளிர்ந்த நிலையில் பார்க்கவும்.

2. மாதந்தோறும்: குழாய்கள், பட்டைகள், ரப்பர் உறைகள், காற்று வடிகட்டி, அடியில் கசிவு ஆகியவற்றைக் கவனிக்கவும்.

3. தவணைதோறும்: எண்ணெயும் வடிகட்டியும் மாற்றி, நோட்டில் பதியவும்.

4. வெப்பமுள் ஏறினால்: உடனே நிறுத்தவும், மூடியைத் திறவாதிருக்கவும்.

5. டைமிங் பெல்ட்டையும் பிரேக் திரவத்தையும் பழுது தெரியும்வரை காத்திராமல் மாற்றவும்.

வருகின்ற விடுமுறை நாளில் அரைமணி நேரத்தை இதற்கென ஒதுக்குங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் அருகில் அழைத்து, அளவுகோலைக் காட்டிக் கற்பியுங்கள். நள்ளிரவில் சாவியைத் திருப்பும் வேளை வந்தால், அந்த அரைமணி நேரத்தின் பயன் அப்போது தெரியும்.