நொதி ரிப்போர்ட்டோடு நின்றுவிடாதீர்கள்



உங்கள் கடிதமும் மகளின் ரிப்போர்ட் நகல்களும் கிடைத்தன. மண்ணீரல் வீக்கம், தட்டணுக் குறைவு, ரத்த வெள்ளணுக்களில் குளூக்கோசெரிப்ரோசிடேஸ் நொதி ஏறக்குறைய இல்லை. காச்சர் நோய்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

'மருமகள் கொண்டுவந்த நோய்' என்கிறாராம் உங்கள் அம்மா. அந்த மருமகள் உங்கள் அக்கா மகள், அவருக்கே பேத்தி! பழுதான மரபணு பெரும்பாலும் உங்கள் பெற்றோரில் ஒருவரிடமிருந்து உங்களுக்கும் அக்காவுக்கும், அக்கா வழியாக உங்கள் மனைவிக்கும் வந்து, உங்கள் மகளிடம் இரட்டையாகச் சேர்ந்திருக்கிறது. ஒற்றையாக இருந்தவரை யாருக்கும் இந்த நோய் வரவில்லை.

ஆய்வகத்துக்குப் போகும் வழியில் ரத்தம் கெட்டுப்போயிருக்குமோ என்ற உங்கள் கேள்வி நல்ல கேள்வி. அந்த நொதி வெட்டக்கூடிய ஒரு பொருளில் சாயம் ஒன்றைக் கோத்துக் கொடுப்பார்கள். நொதி வெட்டினால் சாயம் விடுபட்டு, புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். அந்த ஒளியைத்தான் கருவி அளக்கிறது. கூடவே, சம்பந்தமில்லாத வேறொரு நொதியையும் அளப்பார்கள். வெயிலில் கிடந்து ரத்தம் கெட்டிருந்தால் இரண்டுமே இறங்கியிருக்கும். உங்கள் மகளுக்கு இரண்டாவது நொதி சரியாக இருக்கிறது. ரிப்போர்ட்டின் கடைசி வரியைப் பாருங்கள்.

ஆனால் நொதி அளவைக் காட்டும் எண்ணால் சொல்ல முடியாதவையும் உண்டு. நோய் மூளையைத் தொடுமா என்பதை அது சொல்லாது. இந்தியக் குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் எல்444பி என்ற மரபணு மாற்றம் இரட்டையாக இருந்தால் அந்த அபாயம் அதிகம். நரம்பு வழியாக ஏற்றும் நொதி மருந்து மூளைக்குள் போவதில்லை. உங்கள் தம்பி தங்கைகள் பழுதான மரபணுவைச் சுமக்கிறார்களா என்பதும் நொதி அளவில் தெரியாது, சுமப்பவர் அளவும் சுமக்காதவர் அளவும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால். இதற்கெல்லாம் அந்த நொதிக்கான ஜிபிஏ1 மரபணுவைப் படித்தாக வேண்டும். அதன் அருகிலேயே ஏறத்தாழ அதே எழுத்துகளோடு ஒரு போலி மரபணு உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் பிரித்துப் படிக்கத் தெரிந்த ஆய்வகமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விலை மலிவு என்பதற்காகக் கண்ட இடத்தில் கொடுக்க வேண்டாம்.

மனைவிக்கு நாள் தள்ளியிருப்பதாகக் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். இந்தக் கருவுக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. நச்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்ப்பது 11 முதல் 13 வாரத்துக்குள். அதற்குள் மகளின் மரபணு முடிவு கையில் இருந்தால் எதைத் தேடுவது என்று தெரிந்துவிடும். அந்த முடிவு வரவே சில வாரங்கள் ஆகும். மகளோடு நீங்கள் இருவரும் ஊதா மூடிக் குழாயில் ரத்தம் கொடுங்கள், இந்த வாரமே.