எண்ணும்போது எண்ணுவோம்



"ரெண்டு கை போதலை, நாலு கை இருந்தா நல்லாயிருக்கும்" என்று ஒரு நாளாவது சொல்லாத பெண் நம் குழுக்களில் இருக்க மாட்டாள். ஒரு பக்கம் உலை கொதிக்கும். ஒரு பக்கம் பிள்ளைக்குத் தலை பின்ன வேண்டும். தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டதென்று குரல் கேட்கும். அதற்குள் போன் அடிக்கும். இத்தனையும் சமாளிக்கிறவளை "அவளா, அஷ்டாவதானி!" என்று ஊர் பாராட்டும். அந்தப் பாராட்டில் மயங்கித்தான் நானும் ஒரு அக்காவை அழவைத்தேன். அதையே இந்த மாதப் பாடமாகச் சொல்கிறேன்.

அப்போது நான் எங்கள் குழுவின் ஊக்குநர். எங்கள் குழுவில் ஒரே பெயரில் இரண்டு பேர் உண்டு. மேலத்தெரு, கீழத்தெரு என்று சொல்லித்தான் பிரிப்போம். ஒரு நாள் கூட்டத்தில் என் மடியில் காய்ச்சலோடு பிள்ளை. வீட்டில் அடுப்பை அணைத்தேனா என்ற யோசனை வேறு. இரண்டு பேர் சேலைச் சீட்டு பற்றி என்னிடமே கேட்டுக்கொண்டிருந்தார்கள். கீழத்தெரு அக்கா கடன் தவணை 500 ரூபாய் நீட்டினார். வாங்கினேன், எண்ணினேன், பேரேட்டில் எழுதினேன். எழுதியது மேலத்தெரு பக்கத்தில்! "பாஸ்புக்கை அப்புறம் எழுதித் தரேன்க்கா" என்று சொல்லிவிட்டேன். அந்த அப்புறம் வரவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து அந்த அக்கா மகளின் படிப்புக்குக் கடன் கேட்டார். பேரேட்டைப் பார்த்து, "ஒரு தவணை பாக்கி இருக்கே" என்றேன், எல்லோர் முன்னாலும். "கட்டின பணத்தைக் கட்டலேன்னு சொல்றியா?" என்று கேட்டவர் அழுதுகொண்டே எழுந்து போனார். மூன்று வாரம் கூட்டத்துக்கு வரவில்லை. ரொக்கப் புத்தகத்தையும் பேரேட்டையும் தேதி வாரியாக வைத்துப் பார்த்தபோது, அன்றைய மொத்த வசூல் சரியாக இருந்தது. அப்படியானால் தப்பு பணத்தில் இல்லை, பெயரில்தான். வீடு தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். திரும்பி வந்தார். ஆனால் பல மாதம் வரைக்கும், பணத்தைக் கொடுத்துவிட்டு நான் எழுதி முடிக்கிறவரை என் விரலையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

எனக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. பயிற்சியெல்லாம் முடித்தவள்தான். மனசு அங்கே இல்லை, அவ்வளவுதான். நாம் இரண்டு வேலையை ஒன்றாகச் செய்வதாக நினைக்கிறோம். உண்மையில் மனம் இங்கும் அங்கும் தாவிக்கொண்டிருக்கிறது. 2009-ல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் இதைப் பற்றி எழுதினார். ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததுக்குப் போனால், மனத்தின் ஒரு பங்கு பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்குமாம். குழம்புக் கரண்டியைக் கழுவாமல் பாயசத்தில் விட்ட மாதிரி.

அவதானம் என்றாலே கவனம் என்றுதான் பொருள். நாகர்கோவில் இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டினார். நூறு விஷயங்களில் கவனம்! அது பயிற்சியால் வந்த கலை. அவர் மேடையில் இருந்தபோது மடியில் பிள்ளையும் இல்லை, அடுப்பில் பாலும் இல்லை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் தனித்தனியாகச் செய்ய நமக்கு நேரம் ஏது? தேவையும் இல்லை. பூக் கட்டுவது, கீரை ஆய்வது, பீடி சுற்றுவது எல்லாம் கைக்குப் பழகிய வேலை. பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்யலாம். ஆனால் பணம் எண்ணுவது, பேரேடு எழுதுவது, கையெழுத்துப் போடுவது, பிள்ளைக்கு மருந்து அளப்பது, ரோட்டைக் கடப்பது, இவற்றோடு வேறெதையும் சேர்க்கக் கூடாது. நோட்டைப் பத்துப் பத்தாக மடித்து வைத்து எண்ணுங்கள். நடுவில் யாராவது கூப்பிட்டால், "இரும்மா, இந்தப் பத்தை முடிச்சிடறேன்" என்று சொல்லுங்கள். பாஸ்புக்கை எழுதிக் கையில் கொடுத்த பிறகே அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.

பிள்ளைகள் பேசுவதைக் கேட்பதும் அப்படித்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் "அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்பாள். முறத்தைப் பார்த்துக்கொண்டே "ம்... சொல்லு" என்போம். இரண்டு தடவை இப்படி ஆனால், மூன்றாம் தடவை சொல்ல மாட்டாள். அவள் சொல்ல வந்தது பென்சில் வாங்குவதாக இருக்கலாம். பஸ்ஸில் ஒருவன் தொந்தரவு செய்வதாகவும் இருக்கலாம். முறத்தைத் தள்ளி வையுங்கள், கையைத் துடைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாரம் குறையாமல் "கவனமாயிரு" என்று மட்டும் சொன்னால் கவனம் வராது. அன்று யாராவது என் பிள்ளையை வாங்கிக்கொண்டிருந்தால் அந்த 500 ரூபாய் சரியான பக்கத்தில் ஏறியிருக்கும். அதன் பிறகு எங்கள் குழுவில் தீர்மானம் போட்டோம். வசூல் நேரத்தில் முறை வைத்து ஒரு உறுப்பினர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். போன்களெல்லாம் ஒரு கூடையில் இருக்கும். எழுதுகிறவரிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. வீட்டிலும் அரைமணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்படி கணவரிடம் கேட்கலாம். கேட்டால்தானே தெரியும்!

குழுவில் கலந்து பேச:

உங்கள் குழுவில் வசூல் நடக்கும்போது எழுதுகிறவரிடம் எத்தனை பேர் பேச்சுக் கொடுக்கிறார்கள்? அடுத்த கூட்டத்தில் எண்ணிப் பாருங்கள். அதற்கடுத்த கூட்டத்தில் யாரும் பேசாமல் இருந்து, வசூல் எத்தனை நிமிஷத்தில் முடிகிறதென்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.