சத்தம் கூடினா பாட்டு பெருசாகுமா? மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னடிக்’ நடத்தும் பாடம்

ஹெவி மெட்டல் என்றாலே “ஒரே இரைச்சல்பா” என்று காதைப் பொத்துகிறவங்க நம்ம ஹாஸ்டலில் நிறைய பேர் உண்டு. இந்தக் கட்டுரை அவங்களுக்கும் சேர்த்துதான். ஏன்னா, 2008-ல் வந்த ஒரு மெட்டல் ஆல்பத்தைப் பார்த்து மெட்டல் ரசிகர்களே “சத்தம் ஓவர்” என்று சண்டைக்குப் போனாங்க. அந்தச் சண்டைக்குள்ள சிக்னல் பிராசஸிங் இருக்கு, காது எப்படி வேலை செய்யுதுங்கிற விஷயம் இருக்கு, ஒரு என்ஜினியரின் மனசாட்சியும் இருக்கு. ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

ஆல்பத்தின் கதை

மெட்டாலிகா அமெரிக்க இசைக்குழு. 1983-ல் முதல் ஆல்பம். வேகமான ‘த்ராஷ் மெட்டல்’ பாணியை உலகம் முழுக்கக் கொண்டு போனவங்களில் முக்கியமானவங்க. 1991-ல் குழுவின் பெயரிலேயே வந்த ஆல்பத்தில் வேகத்தைக் குறைச்சாங்க; விற்பனை எங்கேயோ போச்சு. 2003-ல் வந்த ‘செயின்ட் ஆங்கர்’தான் பெரிய அடி. கிட்டார் சோலோவே இல்லை. ஸ்னேர் டிரம் ஏதோ தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருக்கு என்று ரசிகர்கள் இன்னைக்கு வரைக்கும் கிண்டல் பண்றாங்க.

அதனால் அடுத்த ஆல்பம் அவங்களுக்கு ஒரு அரியர் பேப்பர் மாதிரி. கிளியர் பண்ணியே ஆகணும். பல வருஷமா கூட இருந்த தயாரிப்பாளர் பாப் ராக்கை விட்டுட்டு ரிக் ரூபினிடம் போனாங்க. பேஸ் கிட்டாரில் ராபர்ட் ட்ருஹியோவுக்கு இதுதான் குழுவோடு முதல் ஸ்டுடியோ ஆல்பம். 2008 செப்டம்பர் 12 அன்று, குழுவின் ஒன்பதாவது ஸ்டுடியோ ஆல்பமாக ‘டெத் மேக்னடிக்’ வெளியாச்சு. 10 பாட்டு, கிட்டத்தட்ட 75 நிமிஷம்.

விமர்சகர்கள் பாஸ் போட்டாங்க

வரவேற்பு பெரும்பாலும் நல்லாவே இருந்தது. பழைய வேகம் திரும்பிடுச்சு, சோலோ திரும்பிடுச்சு, எண்பதுகளின் மெட்டாலிகாவை மறுபடி கேட்கிறோம் என்கிற தொனியில்தான் பல விமர்சனங்கள் வந்தன. பாட்டுகள் ரொம்ப நீளம் என்று சிலர் குறை சொன்னாங்க. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் நேரா முதலிடம். 2009 கிராமி விழாவில் ‘மை அபோகலிப்ஸ்’ பாட்டுக்குச் சிறந்த மெட்டல் பாட்டுக்கான விருதும், ஆல்பத்தின் உறை வடிவமைப்புக்கு இன்னொரு விருதும் கிடைச்சது.

இத்தோட முடிஞ்சிருந்தா இது ஒரு சாதாரண வெற்றிக் கதை. ஆனா ஒரு வீடியோ கேம் குறுக்கே வந்தது.

கேம் காட்டிக்கொடுத்தது

சி.டி. வந்த அதே சமயம், ‘கிட்டார் ஹீரோ 3’ கேமிலும் முழு ஆல்பமும் டவுன்லோடுக்கு வந்தது. அந்த கேமில் நீங்க கிட்டார் நோட்டைத் தப்பா அடிச்சா கிட்டார் சத்தம் மட்டும் நிற்கணும், டிரம்ஸ் தொடர்ந்து ஓடணும். அதனால் கேம் கம்பெனிக்கு ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி டிராக்காகக் கொடுத்தாகணும். சி.டி.க்காகக் கடைசியில் செய்த அழுத்தும் வேலை அந்த டிராக்குகளில் இல்லை.

ரசிகர்கள் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் கேட்டாங்க. கேமில் டிரம் அடி தனியா, தெளிவா விழுது. சி.டி.யில் எல்லாம் ஒண்ணாக் கலந்து கரகரன்னு இருக்கு. வேவ்ஃபார்மைத் திறந்து பார்த்தா விஷயம் கண்ணுக்கே தெரிஞ்சது. கேம் டிராக்கில் மேடும் பள்ளமும். சி.டி.யில் மேலேயும் கீழேயும் ரம்பம் வச்சு அறுத்த மாதிரி நீளமா ஒரு செங்கல். இயன் ஷெப்பர்டு என்ற பிரிட்டிஷ் மாஸ்டரிங் என்ஜினியர் இந்த ஒப்பீட்டை எழுத, செய்தி பெரிய பத்திரிகைகள் வரைக்கும் போச்சு. ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் பண்ணித் தரச் சொல்லி பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவங்க இணையத்தில் கையெழுத்துப் போட்டாங்க.

இப்போ லேப் வகுப்பு

எலக்ட்ரானிக்ஸ் லேபில் டயோடு வச்சு கிளிப்பர் சர்க்யூட் செஞ்சது ஞாபகம் இருக்கா? சைன் வேவ் உள்ளே போகும், தலை வெட்டின அலை வெளியே வரும். ரெக்கார்டு நோட்டில் வரைஞ்சு கையெழுத்து வாங்கி மறந்துட்டோம். அதேதான் இங்கேயும் நடந்தது.

சி.டி.யில் ஒவ்வொரு சாம்பிளும் 16 பிட். -32,768 முதல் 32,767 வரைதான் எண்கள். அதுக்கு மேல இடமே கிடையாது. அந்தக் கூரைக்குள்ளே சத்தத்தைக் கூட்டணும்னா சராசரியைத்தான் மேலே தூக்கணும். தூக்கத் தூக்க உச்சங்கள் கூரையில் முட்டும், முட்டினது வெட்டுப்படும்.

ஒரு கணக்கு போடுவோம். உச்சம் 1 உள்ள சைன் வேவுக்கு ஆர்.எம்.எஸ். 0.707. உச்சத்துக்கும் ஆர்.எம்.எஸ்.ஸுக்கும் உள்ள இடைவெளி சுமார் 3 டெசிபல். இதை 4 மடங்கு பெருக்கி, 1-க்கு மேலே போனதை வெட்டிடுங்க. ஆர்.எம்.எஸ். சுமார் 0.945 ஆகும். உச்சம் மாறவே இல்லை, ஆனா சராசரி சத்தம் ஏறக்குறைய 2.5 டெசிபல் கூடிடுச்சு. இடைவெளியோ அரை டெசிபலாகச் சுருங்கிடுச்சு. கூடவே மூலத்தில் இல்லாத 3-வது, 5-வது ஹார்மோனிக்குகளும் உள்ளே வந்துடும். காதில் கரகரன்னு கேட்கிறது அதுதான்.

இங்கே ஒரு நல்ல கேள்வி வரும். “மெட்டல் கிட்டாரே டிஸ்டார்ஷன்தானே? அதுவும் கிளிப்பிங்தானே?” ஆமா, அதேதான். ஆனா அது ஒரு வாத்தியத்துக்கு மட்டும், வேணும்னே, ஆம்பிளிஃபயரில் செய்யறது. அந்தக் கரகரப்புக்குப் பக்கத்தில் டிரம் சுத்தமா வந்து விழுந்தாதான் ரெண்டுக்கும் மதிப்பு. மொத்த மிக்ஸையும் சேர்த்து வெட்டினா, டிரம் குச்சி தோலைத் தொடும் அந்தக் கணநேர உச்சம்தான் முதல்ல போகும். கிட்டாரும் டிரம்மும் குரலும் ஒண்ணை ஒண்ணு மிதிச்சுக்கும். கிட்டாரின் அழுக்கு கலைஞனின் தேர்வு. மிக்ஸ் மேல விழுந்த அழுக்கு அப்படியில்லை.

அப்புறம் ஏன் செய்யறாங்க?

நம்ம காதுதான் காரணம். சத்தம் குறைவா இருக்கும்போது தாழ்ந்த சுரங்களை நம்ம காது சரியாப் பிடிக்காது. 1933-லேயே ஃபிளெட்சரும் மன்சனும் இதை அளந்து காட்டிட்டாங்க. அதனால் ஒரே பாட்டைக் கொஞ்சம் சத்தமா வச்சா பேஸ் நிறைவா, பாட்டே நல்லா இருக்கிற மாதிரி தோணும். பக்கத்துப் பாட்டை விட நம்ம பாட்டு சத்தமா இருக்கணும்னு கம்பெனிகள் போட்டி போட்டாங்க. 1990-களில் டிஜிட்டல் லிமிட்டர்கள் வந்ததும் போட்டி வெறியாச்சு. இதுக்கு ‘லவுட்னஸ் வார்’, அதாவது சத்தப்போர் என்றே பெயர். ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸின் ‘கலிஃபோர்னிகேஷன்’ (1999) மேலேயும் இதே புகார் உண்டு. அதன் தயாரிப்பாளரும் ரிக் ரூபின்தான்!

கடைசி மேசையில் இருந்தவர்

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாப் படுறவர் டெட் ஜென்சன். நியூயார்க்கில் ஸ்டெர்லிங் சவுண்டில் இந்த ஆல்பத்தை மாஸ்டரிங் செய்தவர். அட்டையில் பெயர் இருந்ததால் திட்டு முழுக்க அவருக்குத்தான் போச்சு. ஒரு ரசிகருக்கு அவர் எழுதிய பதில் வெளியே வந்தது. மிக்ஸ் தன் கைக்கு வரும்போதே இப்படித்தான் அழுத்தப்பட்டு வந்தது, தானா இருந்தா இவ்வளவு தூரம் போயிருக்கமாட்டேன், இதோடு தன் பெயர் சேர்ந்திருப்பதில் பெருமை இல்லை என்பது அதன் சாரம். டிரம்மர் லார்ஸ் உல்ரிக்கோ ஆல்பம் ஒலிக்கிற விதம் தனக்குப் பிடிச்சிருக்கு என்றே நின்னார்.

இதை நம்ம துறைக்கு மாத்திப் பாருங்க. ஒரு சாம்பிள் கூரையில் முட்டி வெட்டுப்பட்டுட்டா, மேலே எவ்வளவு இருந்ததுங்கிற தகவல் போயாச்சு. அடுத்த கட்டத்தில் இருக்கிறவர் எவ்வளவு திறமைசாலியா இருந்தாலும் ஊகம்தான் செய்யலாம். நாளைக்கு டிசைனிலோ டேட்டாவிலோ சைட்டிலோ மேல்கட்டத்தில் நடந்த தவறு, நம்ம கையெழுத்தோடு வெளியே போகும் நிலை நமக்கும் வரும். வேலை முடிஞ்ச பிறகு வருத்தப்பட்டு எழுதுற பதிலை விட, உள்ளே வரும்போதே “இதைத் திருப்பி அனுப்புங்க” என்று சொல்லுற ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். சொல்றது சுலபமில்லைதான்.

விமர்சனம் எழுதுகிறவங்களுக்கு

விமர்சகர்கள் பொய் சொல்லலை. பாட்டுகள் உண்மையிலேயே நல்ல பாட்டுகள்தான். ஆனா பாட்டு ஒண்ணு, பதிவு இன்னொண்ணு. இசையமைப்புக்குக் கொடுக்கும் மார்க்கை ஒலிப்பதிவுக்கும் சேர்த்துப் போட்டுடக் கூடாது. நம்ம இதழுக்கு ஆல்பம் விமர்சனம் எழுதும்போது ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க. இதைச் செய்து பாருங்க:

1. ‘ஆடாசிட்டி’ இலவச மென்பொருளில் பாட்டைத் திறந்து வேவ்ஃபார்மைப் பாருங்க. கிளிப்பிங்கைக் காட்டும் வசதியை ஆன் பண்ணுங்க. சிவப்புக் கோடுகளை எண்ணுங்க.
2. ரெண்டு பதிப்பை ஒப்பிடும்போது முதல்ல ரெண்டின் சராசரி சத்தத்தையும் சமமாக்குங்க. இல்லேன்னா சத்தமானதுதான் ஜெயிக்கும்.
3. டிரம் அடியை மட்டும் கவனிங்க. குத்து மாதிரி விழுதா, ‘புஸ்’ என்று அமுங்குதா?

இப்போ ஸ்பாட்டிஃபை, யூடியூப் எல்லாம் சத்தமான பாட்டைத் தானாகவே இறக்கி ஒரே மட்டத்துக்குக் கொண்டு வருது. அழுத்திச் செய்ததால் கிடைச்ச லாபம் அங்கே காணாமப் போகும், வெட்டின தலை மட்டும் மிஞ்சும். ‘டெத் மேக்னடிக்’குக்கும் 2015-ல் ஐடியூன்ஸுக்காக, மேடு பள்ளம் கூடின பதிப்பு ஒண்ணு வந்தது.

இந்த வார இறுதியில் ‘தி டே தட் நெவர் கம்ஸ்’ பாட்டைக் கேளுங்க. அமைதியாத் தொடங்கி, போகப் போக வேகமெடுக்கும் பாட்டு. எந்த இடத்தில் பாட்டு ஏறுது, எந்த இடத்தில் சத்தம் மட்டும் ஏறுதுன்னு குறிச்சு வச்சு, உங்க வேவ்ஃபார்ம் படத்தோடு இதழுக்கு அனுப்புங்க. அடுத்த இதழில் போடுவோம்!