வேண்டாத ஒலித்தடம்

திரைப்படத்தைப் 'பார்க்கிறோம்' என்று சொல்வதே நம் வழக்கம். 'கேட்கிறோம்' என்று யாரும் சொல்வதில்லை. ஆயினும் ஒலியை நிறுத்திவிட்டு ஒரு படத்தைப் பத்து நிமிடம் பார்த்தால், கண்ணால் பெற்றதாக நாம் எண்ணியவற்றுள் பெரும்பகுதி காதால் பெற்றது என்பது விளங்கும். அந்த ஒலி ஒரு வீடியோக் கோப்பினுள் எவ்வாறு அமைந்துள்ளது, அதில் வேண்டாததை எப்படி நீக்குவது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும். இதனை நான் நூலில் படித்துக் கற்றதைவிடத் தவறு செய்து கற்றதே அதிகம். அத்தவறையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் கோப்பின் அமைப்பைக் காண்போம். வீடியோக் கோப்பு என்பதை ஒரே பொருளாகவே பலரும் கருதுகின்றனர். உண்மையில் அது நாம் மதிய உணவு கொண்டு வரும் அடுக்குக் கேரியரைப் போன்றது. ஓர் அடுக்கில் படம் இருக்கும்; மற்றோர் அடுக்கில் தமிழ் ஒலி; இன்னொன்றில் ஆங்கில ஒலி; மேலடுக்கில் ஊறுகாய் போல் வசன எழுத்துகள். வெளியே தெரிவது கேரியர் மட்டும்தான். 2002ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கப்பட்ட 'மட்ரோஸ்கா' என்னும் கோப்பு வகைக்கு (எம்.கே.வி. என்று முடியும் கோப்புகள் இவ்வகையின) ஒன்றினுள் ஒன்றாக அடங்கும் ரஷ்ய மரப்பொம்மையை நினைவூட்டும் பெயரை இட்டிருப்பது பொருத்தமே. கேரியர் நமக்கு இன்னும் பொருத்தம் என்பது என் கருத்து.

இந்த அடுக்குகளுள் ஒலி உள்ள ஒவ்வொன்றையும் ஒலித்தடம் என்கிறோம். 'தடம்' என்னும் சொல் பிலிம் காலத்திலிருந்து வந்தது. அக்காலத்தில் படச்சுருளின் ஓரத்தில், படங்களுக்கும் துளைகளுக்கும் இடையே, ஒலியானது ஒளிக்கோடாகப் பதிந்திருக்கும். அது மெய்யாகவே கண்ணுக்குத் தெரியும் தடமாகும்.

தனித்தடமாக இருக்கும் ஒலியை நீக்கலாம். கலந்துவிட்ட ஒலியை நீக்க முடியாது. கேரியரிலிருந்து பொரியல் அடுக்கைக் கழற்றி வைத்துவிடலாம். சாம்பார் சாதத்திலிருந்து சாம்பாரைப் பிரிக்க யாரால் ஆகும்? 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று வெளியான 'காளிதாஸ்' தமிழின் முதல் பேசும் படமாகப் போற்றப்படுகிறது. அதில் கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகர் தெலுங்கில் பேசினார். இரண்டும் ஒரே தடத்தில் இருந்தன. தெலுங்கு வேண்டாம் என்று எண்ணிய இரசிகர் எவரேனும் இருந்திருந்தால் அவருக்கு வழியே கிடையாது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1944இல், ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் தாம் தயாரித்த கன்னட 'ஹரிச்சந்திரா'வைத் தமிழில் பேச வைத்து வெளியிட்டார். படம் அதுவே; பேச்சு வேறு. இந்தியாவின் முதல் மொழிமாற்றுப் படங்களுள் ஒன்றாக அது குறிக்கப்படுகிறது. ஒலியைப் படத்திலிருந்து வேறாகக் கருதி, ஒன்றைக் களைந்து மற்றொன்றை வைக்கும் வேலை இவ்வாறு நம் நாட்டில் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே நடந்தேறியது. இன்று நாம் கணிப்பொறியில் செய்வது அதன் எளிய வடிவமே எனலாம்.

(கலந்த ஒலியிலிருந்து குரலையும் இசையையும் பிரிக்கும் நிரல்கள் இப்போது வந்துள்ளன. 2019இல் வெளிவந்த 'ஸ்பிளீட்டர்' அவற்றுள் ஒன்று. அவை குரல் எது, இசை எது என்று ஊகித்தே பிரிக்கின்றன. பிரித்த குரலில் பல இடங்களில் தகரத்தைத் தட்டிய ஓசை கேட்கிறது.)

ஒரு கோப்பில் பல தடங்கள் இருப்பதன் பயனை எங்கள் ஆவடிப் பக்கத்தில் நேரில் காணலாம். கனரக வாகனத் தொழிற்சாலை, விமானப்படை நிலையம், மத்திய ரிசர்வ் காவற்படை முகாம் ஆகியவற்றால் பல மாநிலக் குடும்பங்கள் இங்கே அடுத்தடுத்து வாழ்கின்றன. ஒரே படத்தைக் கீழ்வீட்டார் தமிழிலும், மாடிவீட்டார் தெலுங்கிலும், எதிர்வீட்டார் இந்தியிலும் கேட்கலாம். ஆனால் ஒவ்வொரு மொழிக்கும் ஓர் இடம் தர வேண்டும். வினாடிக்கு 640 கிலோபிட் அளவுள்ள ஓர் ஒலித்தடம், இரண்டரை மணி நேரப் படத்தில் 720 மெகாபைட் இடத்தை அடைக்கும். ஐந்து மொழிகள் என்றால் 3,600 மெகாபைட். தமிழ் மட்டும் போதும் என்பவருக்கு அதில் ஐந்தில் நான்கு பங்கு சுமை. இங்கேதான் நீக்கும் வேலை பிறக்கிறது.

நீக்கும் முறைக்கு வருவோம். புதியவர்கள் செய்யும் முதற்பிழை, கோப்பை ஏதேனும் ஓர் எடிட்டிங் நிரலில் திறந்து, ஒலியைக் குறைத்து, மறுபடி முழுவதையும் ஏற்றுமதி செய்வது. இது ஓர் அடுக்கை எடுப்பதற்காக எல்லா அடுக்கிலும் உள்ள உணவை மறுபடி சமைப்பதற்கு ஒப்பாகும். மணிக்கணக்கில் நேரம் ஆகும். படத்தின் தெளிவும் சிறிது குறையும். சரியான வழி, படத்தைத் தொடாமல் அப்படியே நகல் எடுத்து, வேண்டிய தடங்களை மட்டும் புதிய கோப்பில் அடுக்குவது. சில வினாடிகளில் முடிந்துவிடும். இதற்கு 'எம்.கே.வி. டூல்நிக்ஸ்' என்னும் இலவச நிரல் போதும். அதில் கோப்பை இட்டால் தடங்கள் வரிசையாகத் தெரியும். வேண்டாததற்கு எதிரே உள்ள குறியை எடுத்துவிட்டுப் பொத்தானை அழுத்த வேண்டியதுதான். கட்டளை எழுதப் பழகியவர்கள் 2000இல் பாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய 'எப்.எப்.எம்பெக்' நிரலைப் பயன்படுத்துவர். 'மேப் 0' என்றால் எல்லாவற்றையும் எடுத்துக்கொள் என்று பொருள். அடுத்துக் கழித்தற்குறியோடு ஒரு தடத்தின் எண்ணைத் தந்தால் அது மட்டும் விலகும். 'காப்பி' என்று சேர்த்தால் மறுசமையல் இல்லை.

இவ்விரு வழியிலும் பழைய கோப்பு அப்படியே இருக்கும். புதியது ஒன்று பிறக்கும். நிரல் எதையும் அழிப்பதில்லை. அழிப்பவர் நாம்தான்.

இனி என் கதை. சென்ற ஆண்டு எங்கள் மாணவர் குழு அம்பத்தூர் ஏரியைப் பற்றி 22 நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்தது. விடியற்காலை அம்பத்தூர் இரயில் நிலையத்தில் தொடங்கி ஏரிக்கரையில் முடியும் படம் அது. அதில் மூன்று ஒலித்தடங்கள் இருந்தன. முதலாவது தமிழ் வருணனை. இரண்டாவது, ஆங்கிலத்தில் நாங்கள் ஒத்திகையாகப் பதிந்தது. மூன்றாவது ஒலி விளக்கம். கடைசியாகச் சொன்னதைச் சற்று விளக்க வேண்டும். எங்கள் வகுப்பில் பார்வையற்ற நண்பர் ஒருவர் பயில்கிறார். பூந்தமல்லியில் உள்ள பார்வைக் குறையுடையோருக்கான அரசுப் பள்ளியில் படித்து வந்தவர். அவருக்காக, வருணனை நிற்கும் இடைவெளிகளில் திரையில் என்ன தெரிகிறது என்பதை ஒரு தோழி சொல்லிப் பதிந்து, படத்தின் ஒலியோடு கலந்து தந்திருந்தார். இது ஏதோ எங்கள் புதுமை என்று எண்ண வேண்டாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் 42ஆம் பிரிவில் ஒலி விளக்கத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. திரையரங்குப் படங்களுக்கும் இவ்வசதியைச் செய்வது குறித்து 2024 மார்ச்சில் மத்திய செய்தி ஒலிபரப்பு அமைச்சகம் நெறிமுறைகளை வெளியிட்டது.

எங்கள் ஆங்கிலப் பேராசிரியர் இரண்டாம் தடத்தைக் கேட்டார். முகம் சுளித்தார். "தம்பி, இதை எடுத்துட்டு அப்புறம் மத்தத் துறைகளுக்குக் கொடுப்பா" என்றார். அன்று மாலையே உட்கார்ந்தேன். வி.எல்.சி.யில் படத்தை ஓட்டிப் பார்த்தேன். ஆங்கிலம், தடம் 2 என்று காட்டியது. எப்.எப்.எம்பெக் கட்டளையிலும் 2 என்றே தந்தேன். நான்கைந்து வினாடிகளில் வேலை முடிந்தது. கோப்பின் அளவு 21 மெகாபைட் குறைந்திருந்தது. ஒலித்தடம் ஒன்று வினாடிக்கு 128 கிலோபிட், 22 நிமிடம்; கணக்கு நேராகப் பொருந்தியது. புதிய கோப்பை ஓட்டினேன். தமிழ் வருணனை கணீரென்று கேட்டது. பென் டிரைவில் இடம் இல்லாமையால் பழைய கோப்பை அழித்துவிட்டு, புதியதைத் துறைகளுக்குக் கொடுத்தேன்.

எங்கே பிழை? வி.எல்.சி. தடங்களை 1 முதல் எண்ணுகிறது. எப்.எப்.எம்பெக் 0 முதல் எண்ணுகிறது. அதற்கு 2 என்றால் மூன்றாம் ஒலித்தடம். (எம்.கே.வி. டூல்நிக்ஸ் படத்தையும் சேர்த்து 0 முதல் எண்ணுவதால், அங்கே இரண்டாம் ஒலித்தடத்தின் எண் 2 ஆகவே இருந்திருக்கும். மூன்று நிரல்களுக்கு மூன்று வாய்ப்பாடுகள்!) மூன்று தடங்களும் ஒரே அளவில் பதிந்தவை, ஆகவே எதை நீக்கினாலும் 21 மெகாபைட் குறைந்திருக்கும். என்னை ஏமாற்றியது அந்தக் கணக்கின் பொருத்தந்தான். தமிழ்த் தடத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுந்தேனே தவிர, மற்றதைக் கேட்கவில்லை. அதைக் கேட்கும் தேவை எனக்கு இல்லாதிருந்தது என்பதே உண்மை.

நண்பர் தம் மடிக்கணிப்பொறியில் என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பு நிரலின் துணையோடு இயங்குபவர். வி.எல்.சி.யில் ஒலித்தடத்தை மாற்ற 'பி' விசையை அழுத்துவார். அழுத்தினார், ஆங்கிலம். மீண்டும் அழுத்தினார்; தமிழ் வருணனை. மீண்டும் ஆங்கிலம். "ஏம்பா, மூணாவது எங்க போச்சு?" என்று கேட்டார். கோபம் இல்லை. அப்படிக் கேட்டுப் பழகியவர் குரலாகவே இருந்தது. அதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

தோழி தம் கைப்பேசியில் வைத்திருந்த குரற்பதிவும் அதற்குள் அழிந்துவிட்டிருந்தது. மீண்டும் பதிவதைத் தவிர வேறு வழி இல்லை. இம்முறை நண்பரையும் உடன் அமர்த்திக்கொண்டோம். அவர் இல்லாமல் முன்பு எழுதியது எவ்வளவு பிழையானது என்பது அப்போதுதான் தெரிந்தது. 'இரயில் வருகிறது' என்று முன்பு எழுதியிருந்தோம். "அதான் சத்தம் கேக்குதே, அதை எதுக்குச் சொல்றீங்க? யார் நிக்கறாங்கன்னு சொல்லுங்க" என்றார். ஏரியில் பறவைகள் பறக்கும் காட்சிக்கு 'அழகிய காட்சி' என்று எழுதியிருந்தோம். "அழகா இல்லையான்னு நான் முடிவு பண்ணிக்கறேன். எத்தனை பறவை, என்ன நிறம்?" என்றார். காதால் அறியக்கூடியதைச் சொல்லாமல், அறிய இயலாததை மட்டும், வருணனை நிற்கும் நான்கைந்து வினாடிகளுக்குள் சொல்லி முடிக்க வேண்டும். 22 நிமிடப் படத்துக்கு மூன்று மாலைகள் ஆயின.

ஒலித்தடங்களுக்குப் பெயரிடும் வழக்கத்தையும் அப்போதே கற்றேன். எங்கள் பழைய கோப்பில் தடங்களுக்கு மொழியும் இல்லை, பெயரும் இல்லை. எம்.கே.வி. டூல்நிக்ஸில் ஒவ்வொரு தடத்துக்கும் மொழியைக் குறிக்கலாம், தமிழுக்கு டி.ஏ.எம். என்ற மூன்றெழுத்துக் குறியீடு. 'வருணனை', 'ஒலி விளக்கம்' என்று தமிழிலேயே பெயரும் எழுதலாம். பார்வைக் குறையுடையோருக்கு உரியது என்று காட்ட மட்ரோஸ்கா கோப்பில் தனி அடையாளமே வைத்திருக்கிறார்கள். இரண்டு நிமிட வேலை இது. செய்திருந்தால் எண்ணை நம்பி நான் தவறியிருக்க மாட்டேன்.

பின்னர் ஆங்கிலத் தடத்தை நீக்கினேன். இம்முறை எண் 1. புதிய கோப்பின் இரு தடங்களையும் தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களில் கேட்டேன். பழைய கோப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. நண்பரை அழைத்து மடிக்கணிப்பொறியை அவர் முன் வைத்தேன். தமிழ் வருணனை ஓடியது. அவர் 'பி' விசையை ஒருமுறை அழுத்தினார். இரயில் ஓசையின் இடையே, "நடைமேடையில் ஒரு பூக்காரம்மாள். மடியில் கூடை. அண்ணாந்து மணி பார்க்கிறார்" என்று தோழியின் குரல் கேட்டது.