புது ஹார்டு டிஸ்க் போட்டும் லேப்டாப் ஓடவில்லையா?

பழைய லேப்டாப்பில் பேட்டரிக்கு அடுத்தபடியாகக் கைவிடுவது ஹார்டு டிஸ்க்தான். நிமிடத்துக்கு 5,400 முறை தட்டு சுழல, அதன்மேல் உரசாமல் ஒரு முனை நகர்ந்து படிக்கிற இயந்திரம் அது. பத்து வருடம் உழைத்ததே பெரிது. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய லேப்டாப்களில் எத்தனையோ இன்று வீட்டு அலமாரிகளில் சும்மா கிடக்கின்றன. ஒரு டிஸ்க் மாற்றினால் அவற்றில் பல எழுந்துவிடும். ஆனால் மாற்றிய பிறகும் திரையில் ஏதாவது பிழைச்செய்தி வந்தால் “போர்டு போயிடுச்சு” என்று சொல்லி மூடி வைத்துவிடுகிறோம். அந்த முடிவுக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கைகள் பலவும் தவறானவை.

நம்பிக்கை: புது டிஸ்க்கைக் காட்டவில்லை என்றால் டிஸ்க் பழுது, இல்லாவிட்டால் போர்டு பழுது.

எங்கே காட்டவில்லை என்பதுதான் முதல் கேள்வி. லேப்டாப்பின் ஆரம்ப அமைப்புகள் இருக்கும் பயாஸ் திரையில் டிஸ்க்கின் பெயரோ மாடல் எண்ணோ தெரிகிறதா? தெரிந்தால் போர்டும் இணைப்பும் அநேகமாக நன்றாகவே இருக்கின்றன. கடையிலிருந்து வரும் புது டிஸ்க்கில் பெரும்பாலும் பார்ட்டிஷன் எதுவும் இருக்காது. அதை யுஎஸ்பி வழியாக இன்னொரு கம்ப்யூட்டரில் செருகினால் ‘மை கம்ப்யூட்டர்’ பகுதியில் ஒன்றுமே வராது. விண்டோஸின் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ பகுதிக்குப் போய் ‘இனிஷியலைஸ்’ கொடுத்து, பார்ட்டிஷன் பிரித்தால்தான் வரும். அதுவரை அது பழுதான டிஸ்க் அல்ல, வெற்று டிஸ்க்.

பயாஸிலும் தெரியவில்லையா? அப்போது திருப்புளி எடுக்கலாம். பேட்டரியையும் சார்ஜரையும் கழற்றிவிட்டுத் திறந்து, முதலில் பழைய டிஸ்க்கின் இணைப்பு முனையைப் பாருங்கள். பல மாடல்களில் டிஸ்க் நேராக போர்டில் செருகப்படுவதில்லை. சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கறுப்புத் துண்டு அதன் முனையில் மாட்டியிருக்கும். பார்வைக்கு அது டிஸ்க்கின் பகுதி போலவே தெரியும். உண்மையில் அது லேப்டாப்புக்குச் சொந்தமான அடாப்டர். மெதுவாக நேராக இழுத்தால் கையோடு வந்துவிடும். இதைப் பழைய டிஸ்க்கிலேயே விட்டுவிட்டுப் புதியதை வைத்தால் அது எதிலும் இணையாமல் இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது தடிமன். பழைய டிஸ்க்குகள் பெரும்பாலும் 9.5 மில்லிமீட்டர், இப்போது வரும், தட்டு சுழலாத எஸ்எஸ்டி டிஸ்க் 7 மில்லிமீட்டர். அந்த இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளியில் டிஸ்க் ஒருபக்கம் சாய்ந்து, இணைப்பு முழுதாகப் பதியாமல் போகலாம். சில எஸ்எஸ்டி பெட்டிகளில் ஒரு பிளாஸ்டிக் சட்டம் வரும், அது இதற்குத்தான். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

2005க்கு முந்தைய லேப்டாப் என்றால் கதை வேறு. அவற்றில் இருப்பது ஊசி ஊசியாக இரண்டு வரிசை நீட்டிக்கொண்டிருக்கும் ஐடிஇ இணைப்பு. அதற்குப் பின் வந்த சாட்டா இணைப்புள்ள டிஸ்க் அதில் நேரடியாகப் பொருந்தாது.

நம்பிக்கை: ‘செக் கேபிள்’ என்று வந்தால் கேபிள் போய்விட்டது.

‘மீடியா டெஸ்ட் ஃபெயிலியர், செக் கேபிள்’ என்ற வரியைப் பார்த்ததும் டிஸ்க்கின் கேபிளை மாற்றுகிறவர்கள் உண்டு. அந்த வரி சொல்வது நெட்வொர்க் கேபிளை. அதற்காக நீங்கள் இன்டர்நெட் வயரைத் தேட வேண்டியதும் இல்லை. பூட் ஆக டிஸ்க்கில் ஒன்றும் கிடைக்காததால் லேப்டாப் கடைசியாக நெட்வொர்க் வழியே முயன்று பார்த்திருக்கிறது, அவ்வளவுதான். ஓஎஸ் போடாத புது டிஸ்க்கில் இப்படி வருவது இயல்பு. ஓஎஸ் போட்ட பிறகும் வந்தால் பயாஸில் பூட் வரிசையைப் பாருங்கள்.

நம்பிக்கை: பழையதை அப்படியே குளோன் செய்து போட்டும் நீலத்திரை வந்தால் குளோன் கெட்டுவிட்டது.

கெட்டிருக்கலாம், பழைய டிஸ்க்கில் பேட் செக்டர் இருந்தால் அந்த இடத்துத் தகவல் வந்திருக்காது. ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பயாஸில் சாட்டா மோட் என்று ஓர் அமைப்பு இருக்கும்: ஐடிஇ அல்லது ஏஹெச்சிஐ. விண்டோஸ் 7 போன்றவை எந்த மோடில் நிறுவப்பட்டனவோ அதையே எதிர்பார்க்கும். மாறினால் 7பி என்று முடியும் எண்ணோடு நீலத்திரை வரும். நீங்கள் அதைத் தொட்டிருக்கவே வேண்டாம். போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்துபோன பழைய லேப்டாப்களில், மின்சாரத்தைத் துண்டித்தாலே பயாஸ் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடக்கூடும். தேதியும் நேரமும் பல வருடம் பின்னால் போயிருந்தால் அதுதான் அடையாளம். மோடைப் பழையபடி மாற்றிப் பாருங்கள்.

புதிதாக விண்டோஸ் நிறுவும்போது ‘இந்த டிஸ்க் ஜிபிடி முறையில் உள்ளது, நிறுவ முடியாது’ என்று வருவதும் டிஸ்க்கின் குறை அல்ல. லேப்டாப் பழைய பயாஸ் முறையில் பூட் ஆகிறது, அதற்கு எம்பிஆர் முறை வேண்டும். வெற்று டிஸ்க் என்றால் நிறுவும் திரையிலேயே துடைத்துவிட்டு மாற்றலாம். பழைய டிஸ்க்கும் கூடவே இணைத்திருந்தால் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள். துடைக்கத் தேர்ந்தெடுக்கும் டிஸ்க்கின் எண் மாறினால் வாழ்நாள் புகைப்படங்கள் போய்விடும்.

நம்பிக்கை: பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி வீண் செலவு.

இதை நான் முழுமையாக மறுக்கிறேன். பழைய லேப்டாப்கள் பலவற்றில் உள்ள சாட்டா இரண்டாம் தலைமுறையின் உச்ச வேகம் நொடிக்கு சுமார் 300 மெகாபைட். எஸ்எஸ்டி அதற்கு மேலும் ஓடக்கூடியது, உண்மை. ஆனால் லேப்டாப் ஹார்டு டிஸ்க் தருவது நூறு மெகாபைட் அளவில்தான். அதைவிட முக்கியம் தேடும் நேரம். ஒவ்வொரு தகவலையும் தேடிப் பிடிக்க ஹார்டு டிஸ்க்குக்குப் பத்து மில்லிநொடிக்கு மேல் ஆகும்; எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. விண்டோஸ் எழுந்திருக்க ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்களைப் படிக்கிறது. பழைய லேப்டாப்பின் மந்தம் பெரும்பாலும் இந்தக் காத்திருப்புத்தான்.

நம்பிக்கை: 500 ஜிபி வாங்கினேன், 465தான் காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்கள். 

இல்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1,024ஆல். 1 டிபி என்றால் 931 காட்டும்.

நம்பிக்கை: டிஸ்க் மாற்றினால் விண்டோஸ் மறுபடி வாங்க வேண்டும். 

விண்டோஸ் 8 முதல் லேப்டாப்போடு வரும் உரிமம் பெரும்பாலும் போர்டிலேயே பதிந்திருக்கும். 7 என்றால் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் எண் இருக்கும். சரி, எதை நிறுவுவது? விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. 11ஐ இந்த வயது லேப்டாப்கள் முறைப்படி ஏற்காது. லினக்ஸ் மின்ட் போட்டால் நன்றாக ஓடும், காசும் இல்லை.

நம்பிக்கை: பழுதான டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஒருமுறை ஓடும். 

தயவுசெய்து செய்யாதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும். அந்த ஈரத்தோடு தட்டு சுழன்றால் மிச்சமிருந்ததும் போகும். ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தகவல் முக்கியம் என்றால் மீட்புப் பணி தெரிந்தவரிடம் கொடுங்கள். சத்தம் இல்லாமல் வெறுமனே மெதுவாக இருக்கும் டிஸ்க் என்றால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி உறையில் போட்டு, வேண்டியதை முதலில் காப்பி எடுங்கள். மற்ற சோதனை எல்லாம் அதற்குப் பிறகு.

கடையில் மாற்றக் கொடுத்தால் பழைய டிஸ்க்கைக் கட்டாயம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குவிக் ஃபார்மட் அழிப்பது பட்டியலை மட்டுமே. உங்கள் ஆதார் நகலும் வங்கிக் கணக்கு விவரங்களும் குடும்பப் படங்களும் அதில் அப்படியே இருக்கும்.