திமிங்கிலப் பாட்டும் அம்பாப் பாட்டும்

2016-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் மணப்பாடு, கல்லாமொழிக் கரைகளில் ஏறக்குறைய 80 திமிங்கிலங்கள் ஒதுங்கின. பரதவர் அவற்றைப் படகிற் கட்டி இழுத்து ஆழ்கடலில் விட்டனர். பல மீண்டும் கரைக்கே வந்து மாண்டன. குரலாற் கூடி வாழும் அவ்வினம் துணையைப் பிரியாது என்பர் விலங்கியலார்.

மற்றோர் இனமோ பாடவும் வல்லது. கூனல்முதுகுத் திமிங்கிலத்தின் ஒலிகள் முறைபிறழாது மீள மீள வருதலை ராஜர் பேன், ஸ்காட் மெக்வே என்போர் 1971-இல் எழுதி வெளியிட்டனர். அசை சீராய், சீர் அடியாய் அமைவதைக் கற்கும் எம்மனோர்க்கு இஃது எத்துணை வியப்பு! அதற்கு முந்திய ஆண்டே வெளிவந்த இசைத்தட்டைக் கேட்டோர் பலர் திமிங்கில வேட்டையை எதிர்க்கலாயினர். 1982-இல் பன்னாட்டுக் குழு வாணிக வேட்டையை நிறுத்தத் தீர்மானித்தது. இசைத்தட்டொன்றே காரணமென்று யாம் கூறோம். ஆயினும் அதன் பங்கு சிறிதன்று.

நம் கரையிலோ அம்பாப் பாட்டு உண்டு. வலை இழுக்குங்கால் ஒருவர் அடியெடுக்க, ஏனையோர் வாங்கிப் பாடுவர். 1542-இல் இக்கரைக்கு வந்த சவேரியாரும் மன்றாட்டுகளைத் தமிழிற் சொல்லிச் சொல்வித்தே கற்பித்தார். ஆவுளியாவும் பங்குனி ஆமையும் மூச்சுவிட மேலெழும் உயிர்கள்; வலையுள் நெடிது கிடப்பின் மாளும். அவற்றை உடனே விடுவிக்கும் முறையை அம்பா மெட்டில் அமைத்தாலென்ன? வனவிலங்குச் சட்டம் 1972-லேயே வந்தது; அதன் வாசகத்தை வலையிழுப்போர் பாடுவாரோ?

ஆனால் கல்லூரியார் எழுதிக் கொடுக்கும் பாட்டு அவர்தம் வாயில் ஏறாது. நூல்கள் கடற்பசு என்னும். கரையிலே அஃது ஆவுளியா. இயந்திரம் வந்தபின் அம்பா அருகி வருதலின், அறிந்த முதியோரிடம் கேட்டெழுதுவதே முதல் வேலை. புதுப்பாட்டை அவர்களே கட்டட்டும்.