கேபினா, கியூபிக்கிளா? ஆபீஸ் இருக்கை பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

சேலம் ஜாகீர் அம்மாபாளையத்தில் எல்காட் ஐ.டி. பூங்கா இருக்கிறது. 2024 செப்டம்பரில் கருப்பூர் பகுதியில் மினி டைடல் பூங்காவும் திறக்கப்பட்டது. நர்சிங், பார்மசி, பயோடெக் படித்த ராசிபுரம், எடப்பாடி, ஆத்தூர்ப் பிள்ளைகள் மெடிக்கல் கோடிங் வேலைக்கு உள்ளூரிலேயே போய்வருகிறார்கள். நாமக்கல்லின் லாரி புக்கிங் ஆபீஸ், முட்டை வியாபார அலுவலகம், திருச்செங்கோட்டின் போர்வெல் ரிக் கம்பெனி என்று பழைய தொழில்களும் ஏ.சி.யும் பார்ட்டிஷனும் போட்டுப் புது இடத்துக்கு மாறிக்கொண்டிருக்கின்றன.

புது ஆபீஸ் போடுகிறவர் முதலில் முடிவு செய்வது, யாருக்குக் கதவு போட்ட கேபின், யாருக்குத் தடுப்பு வைத்த கியூபிக்கிள் என்பதைத்தான். வேலைக்குச் சேர்கிறவரும் அதைத்தான் முதலில் பார்க்கிறார். இரு தரப்பும் கேள்விப்பட்டதை வைத்தே முடிவெடுக்கின்றன. ஒரு மனிதர் ஒரு நாளில் எட்டு, ஒன்பது மணி நேரம் உட்காரப்போகிற இடம் அது. அதைக் கேள்விப்பட்டதை நம்பி விட்டுவிட முடியாது. பரவலாகச் சொல்லப்படுகிறவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: கேபின் பதவிக்கு உரியது.

உண்மை: கேபின் வேலைக்கு உரியது. செவ்வாய்ப்பேட்டை மண்டிகளில் முதலாளி வாசலைப் பார்த்துக் கல்லாவில்தான் உட்கார்ந்தார். வரும் சரக்கையும் வரும் ஆளையும் கண்ணால் பார்ப்பதுதான் அவருடைய வேலை. அவருக்குக் கதவு போட்ட அறை இடைஞ்சல். அதே மண்டியில் ஜி.எஸ்.டி. கணக்கை 20-ஆம் தேதிக்குள் முடிக்க வேண்டிய கணக்கருக்குத்தான் அமைதி தேவை. ஆனால் புதுக் கட்டடத்துக்கு மாறியதும் முதலாளி கண்ணாடி அறைக்குள் போகிறார். கணக்கர் வாசலோரம், வருகிற போகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு உட்காருகிறார்.

மெடிக்கல் கோடிங் செய்யும் தளத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அமெரிக்க மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து, 70,000-க்கும் மேற்பட்ட நோய்க் குறியீடுகளில் சரியானதைக் கோடர் தேர்ந்தெடுக்க வேண்டும். முறிந்த கை இடதா வலதா, நோயாளி இப்போதுதான் சிகிச்சைக்கு வருகிறாரா, ஏற்கெனவே பார்த்து ஆறிவருகிற காயமா என்பதற்கெல்லாம் குறியீட்டின் எழுத்தோ எண்ணோ மாறும். ஓர் எழுத்து பிசகினால் காப்பீட்டுத் தொகை நிராகரிக்கப்படலாம். இது வாய் திறக்காமல் செய்யும் வேலை. பக்கத்து வரிசையில் ஏ.ஆர். காலர் இருப்பார். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் போட்டு, பணம் ஏன் வரவில்லை என்று இரவெல்லாம் பேசுவது அவர் வேலை. இருவரும் ஒரே தளத்தில், ஒரே உயரத் தடுப்புக்குள். தளத்தின் மூலையில் கேபின் ஒன்று இருக்கும். அது மேனேஜருக்கு. அவரோ பாதி நாள் மீட்டிங்கில் இருப்பார்.

கேபின் அமைதி தேவைப்படுகிறவருக்கு மட்டும் உரியதல்ல; சத்தம் எழுப்பியே தீர வேண்டியவருக்கும் உரியது. நாள் முழுக்க டிரைவர்களிடம் போனில் உரக்கப் பேசும் லாரி புக்கிங் மேனேஜருக்கு ஒரு கதவு கொடுத்தால், வெளியே இருக்கும் ஆறு பேருக்கு அமைதி கிடைக்கும்.

நம்பிக்கை 2: கியூபிக்கிள் தடுப்பு சத்தத்தைக் குறைக்கும்.

உண்மை: நான்கு அடித் தடுப்பு கண்ணைத்தான் மறைக்கும், காதை மறைக்காது. ஒலி தடுப்பின் மேலேறி, ஃபால்ஸ் சீலிங்கில் பட்டு, அடுத்த இருக்கைக்கு இறங்கும். தரையில் டைல்ஸ், சுவரில் கண்ணாடி என்றால் அது தேய்வதற்கே இடமில்லை.

சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜங்சூ கிம், ரிச்சர்ட் டி டியர் இருவரும் 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 300-க்கும் மேற்பட்ட கட்டடங்கள், 42,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் பதில்கள். தான் பேசுவது பிறர் காதில் விழுகிறது, பிறர் பேசுவது தன் காதில் விழுகிறது என்ற குறை கியூபிக்கிளில் இருப்பவர்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேருக்கு இருந்தது. தடுப்பே இல்லாத திறந்த தளத்தில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு. தனி அறைக்காரர்களில் 16 சதவீதம் பேருக்கு மட்டும். தடுப்பு வைத்த இடத்தில்தான் குறை அதிகம். எதிரில் ஆள் தெரியாததால் பேசுகிறவர் குரலைத் தணிக்காமல் போவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். மறைவு இருப்பதாக நம்பி உட்கார்ந்தவர் அது இல்லாதபோது ஏமாறுகிறார்.

நம்பிக்கை 3: கதவைச் சாத்தினால் உள்ளே பேசுவது உள்ளேயே இருக்கும்.

உண்மை: நம் ஊர் ஆபீஸ்களில் பெரும்பாலும் இருக்காது. ஒரு கேபினின் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அலுமினியம் செக்‌ஷன், கீழ்ப்பாதி மைக்கா ஒட்டிய பலகை, மேல்பாதி மெல்லிய கண்ணாடி. கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி. சுவர் ஃபால்ஸ் சீலிங்கைத் தொட்டதும் நின்றுவிடும். அதற்கு மேலே கான்கிரீட் வரை இரண்டு அடி வெற்றிடம், எல்லா அறைக்கும் பொதுவாக. உள்ளே சொன்ன வார்த்தை சீலிங் பலகை வழியே ஏறி, அந்த வெற்றிடத்தில் நடந்து, அடுத்த அறையில் இறங்கிவிடும்.

இது அழகு சம்பந்தப்பட்ட குறை அல்ல. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்க உள் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். புகார் கொடுத்தவர் பெயரையும் விசாரணை விவரத்தையும் வெளியிடக் கூடாது என்றும் அது சொல்கிறது. அலுமினியப் பார்ட்டிஷனுக்குள் ஒரு பெண் தனக்கு நேர்ந்ததைச் சொல்லும்போது வெளியே பத்துப் பேர் காதில் விழுந்தால் அந்தச் சட்டம் காகிதத்தில்தான் இருக்கிறது. சம்பளப் பேச்சு, உடம்பு சரியில்லை என்று லீவு கேட்பது, வேலையை விட்டு அனுப்புவது எல்லாமே இப்படித்தான்.

சோதிப்பது எளிது. ஒருவர் கேபினுக்குள் உட்கார்ந்து நாளிதழை வழக்கமான குரலில் படிக்கட்டும். இன்னொருவர் கதவுக்கு வெளியே காகிதமும் பேனாவுமாக உட்காரட்டும். ஒரு வாக்கியத்தை முழுதாக எழுத முடிந்தாலும் அது ரகசியம் பேசும் அறை அல்ல. சுவரைக் கான்கிரீட் வரை ஏற்றி, கதவடியில் ரப்பர் பட்டை வைத்தால் பெரும்பகுதி சரியாகும்.

நம்பிக்கை 4: சுவரை எடுத்துவிட்டால் எல்லோரும் கலந்து பேசுவார்கள்.

உண்மை: நேர் எதிராகவும் நடக்கும். தனித் தடுப்புகளிலிருந்து திறந்த தளத்துக்கு மாறிய இரண்டு பெரிய அமெரிக்க நிறுவனங்களை ஈதன் பெர்ன்ஸ்டீன், ஸ்டீபன் டர்பன் இருவரும் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். ஊழியர்கள் கழுத்தில் கருவி மாட்டி, யார் யாருடன் நேருக்கு நேர் பேசினார்கள் என்று பதிவு செய்தார்கள். மாறிய பிறகு நேர்ப்பேச்சு சுமார் 70 சதவீதம் குறைந்தது. மின்னஞ்சல் கூடியது. எல்லோரும் பார்க்கிற இடத்தில் மனிதர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனக்கென்று ஒரு சுவர் கட்டிக்கொள்கிறார்.

இதை வைத்து, எல்லோருக்கும் கேபின்தான் சரி என்றும் முடிவு கட்டக் கூடாது. எம்.ஐ.டி. பேராசிரியர் தாமஸ் ஆலன் 1970-களில் பொறியாளர்களை ஆராய்ந்தபோது, இருக்கைகளுக்கு இடையே தூரம் கூடக் கூட அவர்கள் பேசிக்கொள்வது வேகமாகக் குறைவதைக் கண்டார். புதிதாகச் சேர்ந்த கோடர் ஒரு சந்தேகத்தைக் கேட்க, அனுபவமுள்ள அக்கா கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். "அக்கா, இது எந்தக் கோடு?" என்று கேட்டு அரை நிமிடத்தில் முடிகிற சந்தேகத்தை, மெயில் எழுதிக் கேட்டால் பலர் கேட்காமலே விட்டுவிடுவார்கள். பயிற்சி நாட்களில் திறந்த இருக்கைதான் பள்ளிக்கூடம். முதல் வேலையிலேயே தனி அறை தருகிறோம் என்றால், சொல்லித் தர யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

நம்பிக்கை 5: இளவயசு, சத்தம் பழகிவிடும்.

உண்மை: பழகிவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம், உடம்பு நினைப்பதில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கேரி எவன்ஸ், டானா ஜான்சன் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், 40 பெண் எழுத்தர்களில் ஒரு பகுதியினரை மூன்று மணி நேரம் சாதாரண ஆபீஸ் சத்தத்தில் வைத்தார்கள். தங்களுக்கு அழுத்தம் கூடியதாக அவர்கள் சொல்லவில்லை. ஆனால் அழுத்தத்தைக் காட்டும் எபிநெஃப்ரின் அவர்கள் உடலில் கூடியிருந்தது. பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்தபோது அமைதியில் இருந்தவர்களைவிடச் சீக்கிரம் முயற்சியைக் கைவிட்டார்கள்.

ஏ.சி.யின் சீரான இரைச்சலைவிடப் புரியும் பேச்சுதான் கவனத்தை அதிகம் இழுக்கும். பின்வரிசையில் இருவர் மேச்சேரிக் கல்யாணத்தைப் பற்றித் தமிழில் பேசும்போது, ஆங்கிலத்தில் மருத்துவக் குறிப்பைப் படிக்கிறவர் காதை மூடிக்கொள்ள முடியாது. இரவு ஷிப்டில் ஏற்கெனவே தூக்கத்தை விட்டுக்கொடுத்திருக்கும் பிள்ளையிடம் இதையும் பழகிக்கொள் என்பது நியாயமல்ல.

நம்பிக்கை 6: ஏ.சி. போட்ட மூடிய கேபின் உடம்புக்கு நல்லது. தடுப்பு நோயைத் தடுக்கும்.

உண்மை: சுவரில் மாட்டும் ஸ்ப்ளிட் ஏ.சி. அறைக்குள் இருக்கும் காற்றையே குளிர்வித்துத் திரும்ப அனுப்புகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. 40 டிகிரி வெயிலுக்குப் பயந்து சேலத்தில் ஜன்னலையும் நிரந்தரமாக அடைத்துவிடுகிறோம். சின்னக் கேபினில் நான்கு பேர் ஒரு மணி நேரம் மீட்டிங் போட்டால் கண் சொருகுவதற்குக் காற்றோட்டக் குறையும் ஒரு காரணம்.

தடுப்பும் காப்பாற்றாது. 2020 மார்ச்சில் தென் கொரியாவின் சியோல் நகரில் ஒரு கால் சென்டரில் கொரோனா பரவியது. அது இயங்கிய கட்டடத்தின் 11-ஆவது தளத்தில் வேலை செய்த 216 பேரில் 94 பேருக்குத் தொற்று; பெரும்பாலோர் தளத்தின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். டென்மார்க்கில் 2,400 ஊழியர்களிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், தனி அறையில் இருந்தவர்களைவிடத் திறந்த தளத்தில் இருந்தவர்கள் 62 சதவீதம் அதிக நாட்கள் உடம்பு சரியில்லாமல் லீவு எடுத்திருந்தார்கள். இருக்கை ஒன்றே காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் கேபினோ கியூபிக்கிளோ, வெளிக்காற்று வரும் வழியும் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேனும் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை.

நம்பிக்கை 7: தனி அறை நமக்குக் கட்டுப்படியாகாது.

உண்மை: வாடகையை மட்டும் கணக்குப் போட்டால் அப்படித்தான் தோன்றும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சதுர அடிக்கு மாத வாடகை 35 ரூபாய், ஓர் ஆளுக்குக் கூடுதலாக 40 சதுர அடி என்றால் மாதம் 1,400 ரூபாய். அந்த ஆளின் சம்பளம் 25,000 ரூபாய், எட்டு மணி நேர வேலை என்று வைத்துக்கொள்வோம். இடைஞ்சலால் தினம் அரை மணி நேரம் வீணானால் மாதம் 1,560 ரூபாய்க்கு மேல் போகிறது. சென்னை, பெங்களூரைப் போல வாடகை நெருக்காத நம் ஊரில் சுவர் வைப்பது எளிது. பெருநகரத்தில் இடம் இல்லாமல் செய்ததை, இடம் இருக்கும் சேலத்திலும் அப்படியே காப்பியடிக்கத் தேவையில்லை.

நம்பிக்கை 8: கியூபிக்கிள் ஆட்களை அடைத்துவைக்கவே கண்டுபிடிக்கப்பட்டது.

உண்மை: எண்ணம் அதற்கு நேர்மாறானது. அமெரிக்காவின் ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக ராபர்ட் புரோப்ஸ்ட் 1960-களில் உருவாக்கிய 'ஆக்‌ஷன் ஆபீஸ்'தான் அதன் மூலம். வரிசையாக மேசை போட்ட பெரிய கூடங்களிலிருந்து எழுத்தர்களை விடுவித்து, அவரவர் வேலைக்கேற்ப விரித்தும் மாற்றியும் வைத்துக்கொள்ளும் இடம் தருவது அவர் நோக்கம். அதைச் சதுரமாக நெருக்கி, ஒரே தளத்தில் முடிந்தவரை ஆளை ஏற்றியது நிறுவனங்களின் சிக்கனம். தாராளமாக இடம்விட்டுப் போட்டால் கியூபிக்கிளும் நல்ல இருக்கைதான்.

அப்படியென்றால் எதைத் தேர்ந்தெடுப்பது?

இருக்கையைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு கிடைத்தால் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். என் வேலையில் பேசுவது அதிகமா, படிப்பதும் யோசிப்பதும் அதிகமா? என் கையில் இருக்கும் விஷயம் பிறர் காதில் விழக் கூடாததா? நான் இன்னும் கற்றுக்கொள்ளும் நிலையில் இருக்கிறேனா? வாயால் செய்யும் வேலைக்கும் ரகசிய வேலைக்கும் கதவு வேண்டும். கண்ணாலும் மூளையாலும் செய்யும் வேலைக்கு அமைதி வேண்டும். கற்றுக்கொள்கிறவருக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும்.

ஆபீஸ் போடுகிற முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். பிளான் போடும் நாளில் பதவிப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். பேசும் குழுவையும் படிக்கும் குழுவையும் வேறுவேறு பக்கம் உட்கார வையுங்கள். கேபின்களை ஜன்னலோரம் வரிசையாகப் போட்டு மற்றவர்களின் வெளிச்சத்தை அடைக்காதீர்கள். இருபது பேர் ஆபீஸாக இருந்தாலும், சுவர் கான்கிரீட் வரை போன, காற்றோட்டமுள்ள ஒரு பொது அறை இருக்கட்டும். யாருக்குத் தேவையோ அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளட்டும். கேபின் போட்டுத்தான் ஒருவருக்கு மரியாதை காட்ட வேண்டும் என்பதில்லை. அவர் வேலையை அவர் நிம்மதியாகச் செய்ய ஓர் இடம் கொடுங்கள். அந்த மரியாதை கடைநிலை ஊழியருக்கும் சேர வேண்டியது.